ஒரு ஆன்டெனா, இரண்டு ரிசீவர்: நாவிக்குக்காகச் செய்த இரட்டை பேண்ட் பவர் டிவைடர்

மொட்டை மாடியில் ஒரே ஒரு ஆன்டெனா. கீழே மேசையில், இந்தியாவின் செயற்கைக்கோள் வழிகாட்டி அமைப்பான நாவிக்கின் சிக்னலைப் பிடிக்கும் இரண்டு ரிசீவர்கள். இரண்டையும் ஒப்பிட வேண்டுமென்றால், ஒரே வானத்தை ஒரே நேரத்தில் ஒரே கேபிள் வழியாக இரண்டுக்கும் காட்ட வேண்டும். ஆளுக்கொரு ஆன்டெனா வைத்தால் நாம் ஒப்பிடுவது ரிசீவர்களையா, ஆன்டெனாக்களையா என்றே தெரியாது.

நாவிக்கின் முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலை 1 அன்று போனது. தொடக்கத்திலிருந்தே அது இரண்டு பேண்டுகளில் (அதிர்வெண் பட்டைகளில்) பேசுகிறது: எல்5-இல் 1176.45 மெகாஹெர்ட்ஸ், எஸ் பேண்டில் 2492.028 மெகாஹெர்ட்ஸ். கடையில் கிடைக்கும் சாதாரண ஜிபிஎஸ் ஸ்ப்ளிட்டர்கள் (சிக்னலைப் பிரிக்கும் பவர் டிவைடர்கள்) பெரும்பாலும் எஸ் பேண்டை நினைத்துச் செய்தவை அல்ல. அதனால் நாமே செய்துவிடலாம் என்று இறங்கினேன்.

"ஒரு டீ கனெக்டர் போட்டால் போதாதாண்ணா?" என்று தம்பி கேட்டான். நியாயமான கேள்விதான். டீ போட்டால் இரண்டு ரிசீவரின் 50 ஓமும் இணையாகச் சேர்ந்து 25 ஓம் ஆகிவிடும்; கேபிளோ 50 ஓமுக்கானது. வரும் சக்தியில் ஒன்பதில் ஒரு பங்கு ஆன்டெனா பக்கமே திரும்பிப் போகும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு ரிசீவர் தன் ஆஸிலேட்டரிலிருந்து வெளியே கசியவிடும் சிக்னலில் 44 சதவீதம் நேரே அடுத்த ரிசீவருக்குள் நுழையும். ஒப்பீடு அதோடு கெட்டது.

எர்னஸ்ட் வில்கின்சன் 1960-இல் வெளியிட்ட டிவைடர் இதைத் தீர்க்கிறது. உள்ளீட்டிலிருந்து இரண்டு கிளைகள். ஒவ்வொன்றும் கால் அலைநீளம், 70.7 ஓம். இரண்டு வெளியீடுகளுக்கும் நடுவே ஒரு 100 ஓம் ரெசிஸ்டர். ஆன்டெனாவிலிருந்து வரும் சிக்னல் இரு கிளைகளிலும் சமமாக இறங்குவதால் ரெசிஸ்டரின் இரு முனையிலும் ஒரே வோல்டேஜ். அது சும்மா உட்கார்ந்திருக்கும். ஒரு வெளியீட்டிலிருந்து தலைகீழாக ஏதாவது வந்தால் மட்டும் வேலை செய்யும்: கிளைகளைச் சுற்றி வரும் சிக்னலும் ரெசிஸ்டர் வழியே வரும் சிக்னலும் அடுத்த வெளியீட்டில் ஒன்றையொன்று அடித்துவிடும். இந்த எளிமை எனக்கு ரொம்பப் பிடித்தது.

சிக்கல் "கால் அலைநீளம்" என்பதில் இருக்கிறது. அது ஒரு அதிர்வெண்ணுக்குத்தான் கால்.

இரண்டு பேண்டின் விகிதத்தை முதலில் பார்த்துவிட வேண்டும். எல்1-உம் (ஜிபிஎஸ்ஸின் 1575.42 மெகாஹெர்ட்ஸ்) எல்5-உம் மட்டும் என்றால் விகிதம் 1.34, நடுவில் ஒரு சாதாரண வில்கின்சனை வைத்தாலே 20 டெசிபெலுக்கு மேல் ஐசொலேஷன் (ஒரு வெளியீட்டிலிருந்து மற்றதற்குக் கசியாமல் தடுக்கும் அளவு) வரும், வேறு எதுவும் வேண்டாம். அமெச்சூர் சாட்டிலைட் ஆட்களுக்கு 145-உம் 435-உம் மெகாஹெர்ட்ஸ்: விகிதம் சரியாக 3. 145-க்குக் கால் அலைநீளம் என்பது 435-க்கு முக்கால் அலைநீளம். முக்காலும் காலைப் போலவே நடந்துகொள்ளும். சாதாரண டிவைடரே இரட்டை பேண்ட் டிவைடர் ஆகிவிடுகிறது. எனக்கு வாய்த்த விகிதம் 2.118. சாதாரண வில்கின்சனை 1834 மெகாஹெர்ட்ஸில் நடுவாக வைத்துக் கணக்குப் போட்டால் இரண்டு பேண்டிலும் ரிட்டர்ன் லாஸ் (திரும்பிப் போகும் சிக்னல் எவ்வளவு குறைவு என்பது) 14.6 டெசிபெல், ஐசொலேஷன் 14. பல வேலைகளுக்கு இது போதும். எனக்கு 20-க்கு மேல் வேண்டியிருந்தது.

2003-இல் மோன்சோன் என்ற பொறியாளர் ஒரு வழி காட்டினார். கால் அலைநீளக் கிளைக்குப் பதிலாக, வெவ்வேறு இம்பிடன்ஸ் (ஓமில் சொல்லும் மின்மறிப்பு) கொண்ட இரண்டு துண்டுகளை அடுத்தடுத்து வைத்தால், நாம் விரும்பும் இரண்டு அதிர்வெண்களிலும் மேட்சிங் (சிக்னல் திரும்பாமல் பொருந்துவது) கச்சிதமாக விழும். இரண்டு துண்டும் ஒரே மின்நீளம் (ஒரு அலைநீளத்தை 360 டிகிரியாக வைத்து அளப்பது): 180 டிகிரியை, ஒன்றோடு விகிதத்தைக் கூட்டி வருவதால் வகுக்க வேண்டும். 180-ஐ 3.118-ஆல் வகுத்தால் எல்5-இல் 57.7 டிகிரி. அதே துண்டு எஸ் பேண்டில் 122.3 டிகிரி. இரண்டும் சேர்ந்து 180. அதனால் டேன்ஜென்ட்டின் அளவு மாறாது, குறி மட்டும் மாறும். தந்திரம் முழுக்க இந்த ஒரு இடத்தில் இருக்கிறது. ஒரு அதிர்வெண்ணில் மேட்ச் ஆனால் மற்றதில் தானாக ஆகும்.

இம்பிடன்ஸ் கணக்கு கால்குலேட்டரில் முடிந்துவிடும். 57.7 டிகிரியின் டேன்ஜென்ட்டை வர்க்கப்படுத்தினால் 2.507. உள்ளீட்டைக் கிளைக்கு 100 ஓம் என்றும் வெளியீட்டை 50 ஓம் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 50-ஐ இரண்டின் வித்தியாசத்தால் பெருக்கினால் 2500, அதை 2.507-இன் இரட்டிப்பால் வகுத்தால் 498.6. இதன் வர்க்கத்தோடு 1.25 கோடியைக் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள், மறுபடி 498.6-ஐக் கூட்டுங்கள், மறுபடி வர்க்கமூலம். கிடைப்பது 63.8 ஓம், வெளியீட்டுப் பக்கத் துண்டு. 5000-ஐ அதனால் வகுத்தால் 78.4 ஓம், உள்ளீட்டுப் பக்கத் துண்டு. அந்த 1.25 கோடி என்பது 50-இன் கனத்தை 100-ஆல் பெருக்கியது.

போர்டு சாதாரண எஃப்ஆர்4 (வழக்கமான கண்ணாடியிழை சர்க்யூட் போர்டு), 1.6 மில்லிமீட்டர் தடிமன். டைஎலக்ட்ரிக் மாறிலி 4.4 என்று எடுத்துக்கொண்டேன். 50 ஓமுக்கு 3.06 மில்லிமீட்டர் அகலம், 63.8-க்கு 2 மில்லிமீட்டர், 78.4-க்கு 1.3. நீளம் முறையே 22.8-உம் 23.1-உம் மில்லிமீட்டர். அகலத் தடத்தில் அலை கொஞ்சம் மெதுவாகப் போகும், அதனால்தான் இந்த 0.3 வித்தியாசம். விலை அதிகமான மைக்ரோவேவ் லேமினேட் இதற்கு வேண்டியதில்லை என்பது என் முடிவு. ஆன்டெனாவிலேயே ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. அதற்குப் பிறகு வரும் அரை டெசிபெல் இழப்பு சிக்னல்–இரைச்சல் விகிதத்தை அசைக்காது.

இனி வெளியீடுகளுக்கு நடுவே வைக்கும் ஐசொலேஷன் பகுதி. வழக்கமாகச் சொல்லப்படும் தீர்வு, 100 ஓம் ரெசிஸ்டருக்கு இணையாக ஒரு இண்டக்டரும் ஒரு கெபாசிட்டரும். காரணம் எளிது. தலைகீழாக வரும் சிக்னலுக்கு இந்தக் கிளைகள் எல்5-இல் கெபாசிட்டர் போலவும், எஸ் பேண்டில் அதே அளவு இண்டக்டர் போலவும் தெரியும்: ஒன்றில் கழித்தல் 108 ஓம், மற்றதில் கூட்டல் 108. இணையாக வைத்த இந்த இண்டக்டர்–கெபாசிட்டர் (எல்சி) ஜோடி ஒத்ததிர்வு (ரெசொனன்ஸ்) அதிர்வெண்ணுக்குக் கீழே இண்டக்டராகவும் மேலே கெபாசிட்டராகவும் இருப்பதால் இரண்டையும் சரியாக அடித்துவிடும். எனக்கு வந்த மதிப்புகள் 15.5 நானோஹென்றி, 0.56 பிகோஃபாரட். சென்னை ரிச்சி தெருவில் 0603 அளவில் 15 நானோஹென்றி கிடைத்தது, 0.56 பிகோஃபாரட்டும் வழக்கமான மதிப்புதான். கணக்கு இவ்வளவு அழகாகக் கடை மதிப்பில் வந்து உட்கார்ந்தால் சந்தோஷமாக இருக்கும். இருந்தது.

போர்டு வரையும் மென்பொருளான கீகேடில் வரைந்தேன். 29 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு வளையம், மேல்பாதி ஒல்லி, கீழ்பாதி தடிமன், அடியில் மூன்று சின்னப் பாகங்கள். போர்டு வந்ததும் எஸ்எம்ஏ கனெக்டர்களை வைத்து, 3 கிகாஹெர்ட்ஸ் வரை போகும் நானோவிஎன்ஏ வி2 என்ற அளவுக் கருவியில் மாட்டினேன். அளக்காத மூன்றாவது போர்ட்டில் 50 ஓம் டெர்மினேஷன் கட்டாயம்; அதை மறந்தால் திரையில் தெரிவது எதற்கும் அர்த்தமில்லை.

முதல் அளவு: மேட்சிங் குழிகள் (திரும்பும் சிக்னல் மிகக் குறையும் இடங்கள்) 1202-இலும் 2545-இலும் விழுந்தன. இரண்டுமே 2 சதவீதம் மேலே. இதற்குக் கவலைப்படவில்லை. என் எஃப்ஆர்4-இன் மாறிலி 4.4 இல்லை, 4.2 பக்கம் என்று அர்த்தம். அடுத்த போர்டில் 2 சதவீதம் நீட்டினால் சரி. இரண்டு குழியும் ஒரே விகிதத்தில் நகர்ந்ததே இம்பிடன்ஸ்கள் சரியாக இருப்பதற்கு அடையாளம். சிக்னல் இழப்பும் எதிர்பார்த்தபடி: எல்5-இல் 3.3 டெசிபெல், எஸ் பேண்டில் 3.7. அதில் 3 டெசிபெல் பிரிப்பதற்கே போகும்.

ஐசொலேஷன்தான் ஏமாற்றியது. எல்5-இல் 22 டெசிபெல், பரவாயில்லை. எஸ் பேண்டில் 16.5. சாதாரண வில்கின்சன் 14 தரும் என்று கணக்குப் போட்டுவிட்டு, இத்தனை பாடுபட்டு இரண்டரை டெசிபெல் சம்பாதித்திருக்கிறேன்.

மூன்று சாயங்காலம் இதிலேயே போயின. சால்டரைத் திரும்ப வைத்தேன். ரெசிஸ்டரை மாற்றினேன். கனெக்டர் தரை இணைப்பைக் கூட்டினேன். விஎன்ஏ-வைத் திரும்பத் திரும்ப கேலிபிரேட் செய்தேன். பக்கத்து அலமாரியில் இருந்த வைஃபை ரூட்டரையும் அணைத்துப் பார்த்தேன். நாவிக்கின் எஸ் பேண்ட் 2483.5-இல் தொடங்குகிறது, வைஃபையின் பேண்ட் அங்கேதான் முடிகிறது. அணைத்ததும் திரையில் கோடு கொஞ்சம் அடங்கியது. 16.5 மாறவில்லை.

நாலாம் நாள், எனக்கு ஆர்எஃப் (ரேடியோ அலை மின்னணுவியல்) சொல்லிக்கொடுத்த சாருக்கு போன் செய்தேன். ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகிறது. முழுவதும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பதினஞ்சு நானோஹென்றின்னு போட்டிருக்கு, சரிப்பா. அது எத்தனை மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் காயில்?"

"அளக்கல சார்."

"அளந்துட்டுப் பேசு."

ஒரு துண்டு போர்டில் 50 ஓம் தடத்தை நடுவில் வெட்டி, அந்த இடைவெளியில் இண்டக்டரை மட்டும் வைத்து அளந்தேன். 2.3 கிகாஹெர்ட்ஸில் சிக்னல் ஆழமாக விழுந்தது. அதாவது அங்கே அது தன் சொந்தச் சுற்றுகளுக்கு இடையே உள்ள கெபாசிட்டன்ஸோடு சேர்ந்து ஒத்ததிர்கிறது. கணக்குப் போட்டால் அந்த உள் கெபாசிட்டன்ஸ் 0.32 பிகோஃபாரட். எனக்கு மொத்தமே வேண்டியது 0.56! இண்டக்டரே பாதிக்கு மேல் கொண்டுவந்துவிட்டது. சால்டர் பேடுகள் ஒரு 0.08 சேர்த்திருக்கும், அதற்கு மேல் நான் 0.56-ஐ வேறு வைத்திருக்கிறேன். மொத்தம் 0.96. இந்த மதிப்பைக் கணக்கில் போட்டதும் எஸ் பேண்டில் 16.6 டெசிபெல், எல்5-இல் 23.5 வந்தது. அளந்ததோடு ஒட்டி நின்றது.

சூடான சால்டரிங் அயர்ன் முனையால் அந்தக் கெபாசிட்டரைத் தட்டி எடுத்தேன். அவ்வளவுதான். எஸ் பேண்ட் 23-க்கு ஏறியது, எல்5 27. பாகம் ஒன்று குறைந்ததும் சர்க்யூட் சரியானது.

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் இரண்டு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒன்று, இந்த டிவைடர் இப்போது இண்டக்டருக்குள் இருக்கும் ஒரு மதிப்பை நம்பி நிற்கிறது. அதே மதிப்பில் வேறு ரீல், வேறு தயாரிப்பு என்றால் உள் கெபாசிட்டன்ஸ் வேறு. நண்பர்கள் யாராவது இதைப் பார்த்துச் செய்தால் அவர்களுக்கு வேறு விடை வரும். அப்படி ஒரு டிசைனைக் கொடுக்க மனம் வரவில்லை.

இரண்டாவது எல்1. 2023 மே 29 அன்று போன என்விஎஸ்-01 செயற்கைக்கோள் முதல், நாவிக் 1575.42 மெகாஹெர்ட்ஸிலும் பேசத் தொடங்கியிருக்கிறது. என் இரண்டு பேண்டுகளுக்கும் நடுவில் விழும் அதிர்வெண் அது. எல்சி போட்ட டிசைன் அங்கே என்ன செய்கிறது? இரண்டு துண்டும் சேர்ந்து 1834-இல் சரியாக அரை அலைநீளம்; தலைகீழாக வரும் சிக்னலுக்கு அங்கே முழு ஷார்ட். 1575-இல் ஐசொலேஷன் 9 டெசிபெல்கூடக் கிடையாது. முன்வாசல் வழியாக எல்1 நன்றாகவே போகிறது, ரிசீவர்கள் மட்டும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டிருக்கும். இனி வரப்போகும் ரிசீவர்களுக்கு எல்1 முக்கியம் என்னும்போது, கதவை இப்படித் திறந்து வைப்பது சரியில்லை.

சீமோர் கோன் 1968-இலேயே பல துண்டு டிவைடர்களுக்கு ஒவ்வொரு துண்டின் முடிவிலும் ஒரு ரெசிஸ்டர் வைத்தார். அகல பேண்டுக்காக. என் கிளையிலும் இரண்டு துண்டு இருக்கிறதே, நடுச் சந்திப்பில் ஒன்று, வெளியீட்டில் ஒன்று என்று ரெசிஸ்டர் மட்டும் வைத்தால் இரண்டு அதிர்வெண்களிலும் ஐசொலேஷன் கச்சிதமாக வருமா? காகிதத்தில் உட்கார்ந்தேன். டேன்ஜென்ட் குறி மட்டும் மாறுவதால் எஸ் பேண்டின் சமன்பாடு எல்5-இன் சமன்பாட்டின் கண்ணாடி பிம்பம். ஆகவே தீர்க்க வேண்டியது ஒரு அதிர்வெண்ணை மட்டும். அதில் இரண்டு நிபந்தனைகள்: கற்பனைப் பகுதி பூஜ்யம், மெய்ப்பகுதி 50 ஓம். கையில் இருப்பதும் இரண்டு ரெசிஸ்டர்கள். நடுச் சந்திப்பில் உள்ளதை வைத்துக் கற்பனைப் பகுதியை அழிக்கிறோம், வெளியீட்டில் உள்ளதை வைத்து மெய்ப்பகுதியை 50-க்குக் கொண்டுவருகிறோம். விடை: நடுவில் 115 ஓம், வெளியீட்டில் 192 ஓம்.

கையிலிருந்த 120-ஐயும் 180-ஐயும் போட்டுச் சரிபார்த்தேன். இரண்டு பேண்டிலும் 40 டெசிபெல் என்றது கணக்கு. இண்டக்டர் இல்லை, கெபாசிட்டர் இல்லை, மிகச் சாதாரணமான இரண்டு ரெசிஸ்டர்கள். எல்1-இல் 19 டெசிபெல் ஐசொலேஷன், அதே அளவு ரிட்டர்ன் லாஸ். அன்று ராத்திரி சாருக்கு போன் செய்து இதைச் சொன்னேன். "எல்சியத் தூக்கிட்டியா? நல்லது" என்றார்.

இரண்டாவது போர்டின் வடிவம் மாறியது. நடுச் சந்திப்பில் ரெசிஸ்டர் உட்கார வேண்டுமானால் இரண்டு கிளையும் அங்கே ஒன்றையொன்று நெருங்க வேண்டும். அதனால் ஒரே பெரிய வளையத்துக்குப் பதில், 15 மில்லிமீட்டர் விட்டத்தில் இரண்டு சின்ன வளையங்கள் ஒன்றன் கீழ் ஒன்று, எட்டு வடிவில். இடுப்பில் 120, அடியில் 180. நெருங்கும் இடத்தில் 0.8 மில்லிமீட்டர் இடைவெளி விட்டேன். 0603 ரெசிஸ்டர் அதன் மேல் சரியாகப் பாலம் போடும். கிளைகளை நீண்ட தூரம் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிடாதீர்கள், கப்ளிங் வந்து கணக்கைக் கெடுக்கும். வட்டமாக விரிந்து ஒரு புள்ளியில் மட்டும் நெருங்கி மறுபடி விரிவது நல்லது. நீளங்களை 23.3, 23.6 என்று மாற்றினேன்.

அளவுகள்: குழிகள் 1180-இலும் 2498-இலும். நாவிக் எல்5-இல் 24 மெகாஹெர்ட்ஸ், எஸ் பேண்டில் 16.5 மெகாஹெர்ட்ஸ் அகலம் எடுத்துக்கொள்கிறது. அந்த அகலம் முழுக்க ஐசொலேஷன் எல்5-இல் 30 டெசிபெலுக்கு மேல், எஸ் பேண்டில் 27. கணக்கு சொன்ன 40 வரவில்லை. எஸ் பேண்டில் ரெசிஸ்டர் பேடுகளும் கனெக்டர்களும் தங்கள் பங்கைக் கேட்கின்றன. எல்1-இல் 18.5. இரண்டு வெளியீடுகளுக்கும் இடையே அளவு வித்தியாசம் 0.1 டெசிபெலுக்குள், இடமும் வலமும் அச்சுப் பிசகாமல் வரைந்ததற்குப் பலன்.

ரிசீவரில் மாட்டுவதற்கு முன் ஒரு முக்கியமான வேலை பாக்கி இருக்கிறது, இதைச் செய்யாமல் யாரும் மாட்டிவிடாதீர்கள். ஆன்டெனாவுக்குள் ஆம்ப்ளிஃபயர் இருப்பதால் ரிசீவர் கேபிள் வழியாகவே டிசி அனுப்பும். வில்கின்சன் டிவைடர் டிசிக்கு வெறும் கம்பி. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன்: ஒரு ரிசீவர் 5 வோல்ட் தருகிறது, மற்றது 3.3. நேராக மாட்டியிருந்தால் இரண்டு சப்ளையும் ஒன்றோடொன்று மோதியிருக்கும். அதனால் 3.3 வோல்ட் ரிசீவர் மாட்டும் மூன்றாவது போர்ட்டின் 50 ஓம் தடத்தை வெட்டி 47 பிகோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றைத் தொடராக வைத்தேன். 5 வோல்ட் ரிசீவர் இரண்டாவது போர்ட்டில், ஆன்டெனாவுக்குச் சாப்பாடு போடுவது அது மட்டும்தான். ஆன்டெனா 5 வோல்ட்டைத் தாங்குமா என்பதை அதன் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள், என்னுடையது தாங்கும்.

அப்புறம், மின்சாரம் போகவில்லை என்றால் "ஆன்டெனா இல்லை" என்று சில ரிசீவர்கள் கத்தும். அதற்காகக் கனெக்டர் பக்கத்தில் 47 நானோஹென்றி சோக் (சிக்னலைத் தடுத்து டிசியை மட்டும் விடும் இண்டக்டர்) வழியாக ஒரு 200 ஓம் ரெசிஸ்டரைத் தரைக்கு இறக்கினேன். 3.3 வோல்ட்டில் 16.5 மில்லியாம்ப் ஓடும். ரிசீவர் ஆன்டெனா இருப்பதாக எடுத்துக்கொள்ளும். இங்கே சோக்கின் சுய ஒத்ததிர்வு நமக்குச் சாதகம்: ஒத்ததிர்வை ஒட்டி அதன் இம்பிடன்ஸ் உச்சத்தில் இருக்கும், சோக்குக்கு வேண்டியது அதுதான். முதல் போர்டில் மூன்று சாயங்காலத்தை விழுங்கிய அதே குணம்.

போர்டை ஒரு தகரப் பெட்டியில் வைத்து, விளிம்பு சுற்றிலும் சால்டர் செய்து மூடினேன். மூடி தடத்துக்கு மிக அருகில் வந்தால் இம்பிடன்ஸ் இறங்கும். 15 மில்லிமீட்டர் உயரம் விட்டதில் அளவுகள் அசையவில்லை. மாடிக் கேபிளை மாட்டி ரிசீவர்களை ஓடவிட்டேன். டிவைடர் இல்லாமல் பார்த்ததற்கும் இப்போதைக்கும் எல்5-இல் சிக்னல்–இரைச்சல் விகிதம் அரை டெசிபெல்கூடக் குறையவில்லை. ஒரு ரிசீவரை ஆன் செய்து ஆஃப் செய்து பார்த்தேன். மற்றதன் திரையில் எஸ் பேண்ட் பட்டைகள் அப்படியே நின்றன.

இப்போது அது மூன்று வாரமாக இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் போர்டையும் தூக்கிப் போடவில்லை. கெபாசிட்டர் இருந்த இடத்தில் இரண்டு வெற்றுப் பேடுகளோடு அது மேசை மேல் விஎன்ஏ-வுக்குப் பக்கத்தில் இருக்கிறது.